தமிழ்மறைக்குப் பண் வகுத்த ஸ்ரீமந்நாதமுனிகள்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஓராண்வழி ஆசார்ய பரம்பரையில் நம்மாழ்வாருக்கு அடுத்து எண்ணப்படுபவர் ஸ்ரீமந்நாதமுனிகள். நாலாயிர திவ்யப்பிரபந்தம் அவர் வழியாக நமக்கு மீண்டு கிடைத்த வரலாற்றை அறியாத ஸ்ரீவைஷ்ணவர் இரார். அவ்வரலாற்றைச் சொல்லுமிடத்துப் பாசுரங்கள் கிடைத்ததோடு நிறுத்திக்கொள்வதே பெரும்பாலும் வழக்கமாக உள்ளது. கிடைத்தவற்றை அவர் என்ன செய்தார், எப்படி வகுத்தார், எவரிடம் ஒப்படைத்தார் என்பவை ஓரிரு வாக்கியங்களில் கடந்துபோகும். இம்முறை அப்பகுதியையே விரித்துச் சொல்ல முற்படுகிறோம்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியில் 108 திவ்யதேசங்களுள் ஒன்றும் இல்லை. ஆயினும் போடிநாயக்கனூர் ஸ்ரீநிவாஸப் பெருமாள், சின்னமனூர் லக்ஷ்மீ நாராயணப் பெருமாள், கம்பம் கம்பராயப் பெருமாள் முதலான ஸந்நிதிகளைச் சூழ வாழ்கிற நம் வாசகர்கள் பலர். பாட்டென்றால் என்ன, மெட்டென்றால் என்ன என்று இப்பள்ளத்தாக்கினருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயலிலும் மேடையிலும் பாடிய பாவலர் வரதராஜனும், அவர்தம் இளவல் இளையராஜாவும் பிறந்த பண்ணைப்புரம் இங்கேதான் உள்ளது. பாட்டு எழுதுவோர் ஒருவர், மெட்டமைப்போர் ஒருவர், கருவிகளைக் கோத்து ஒழுங்குசெய்வோர் ஒருவர், பாடுவோர் ஒருவர் என்று இசைத்தொழிலின் பிரிவுகளை நன்கறிந்த நிலம் இது. அந்த அறிவைக் கொண்டு நாதமுனிகளை நோக்கினால், அவர் செய்தருளிய பணியின் அளவு இன்னும் தெளிவாக விளங்கும் என்பது நம் எண்ணம்.

அவர் திருவவதரித்த ஊர் வீரநாராயணபுரம். இன்று காட்டுமன்னார்கோயில் என்று வழங்குவது அதுவே. திருநக்ஷத்ரம் ஆனி அநுஷம், திருத்தகப்பனார் ஈச்வரபட்டர். ஊரின் பெயரும், அருகிலுள்ள வீராணம் ஏரியின் பெயரும் வீரநாராயணன் என்னும் விருதுப்பெயர் பூண்ட முதற் பராந்தக சோழனை நினைவூட்டுபவை. ஸம்ப்ரதாயத்தில் அவருடைய அவதாரம் 823 ஆம் ஆண்டு எனக் கொள்ளப்படும். ஆராய்ச்சியாளர் பலர் அவரைப் பத்தாம் நூற்றாண்டிற் கொண்டுவந்து வைப்பர். எப்படியாயினும், சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் பெரிய செப்பேட்டின் காலம் அதற்கு வெகு தொலைவில் இல்லை. அச்செப்பேட்டை வெளியிட்ட இராசசிம்ம பாண்டியனை வென்று மதுரை கொண்டவன், வீராணத்துக்குப் பெயர் தந்த அந்தப் பராந்தகனே. மஹாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையிற் சங்கம் வைத்ததையும் தம் முன்னோர் பெருமையாக அச்செப்பேடு சொல்லிக்கொள்கிறது. அரசர் தமிழை வளர்த்ததாகச் செப்பில் வெட்டிவைத்த அக்காலத்தை ஒட்டித்தான், ஆழ்வார்களின் தமிழ் பெரும்பாலும் வழக்கிறந்து கிடந்தது. செப்பிலோ கல்லிலோ அதை எவரும் பொறித்துவைக்கவில்லை.

நாதமுனிகள் இளமையில் குடும்பத்தோடு வடதிசை யாத்திரை எழுந்தருளி, யமுனைக் கரையில் கோவர்த்தனத்தருகே கண்ணன் திருவடிகளில் ஈடுபட்டுச் சிலகாலம் தங்கியிருந்தார். வீரநாராயணபுரத்து மன்னனார் ஸ்வப்நத்திலே அழைத்தருள, மீண்டு வந்து அப்பெருமாளுக்கே கைங்கர்யம் செய்திருந்தார். பிற்காலத்தில் தம் திருப்பேரனாருக்கு யமுனைத்துறைவன் என்று திருநாமம் சாற்றச் செய்தது அந்த யாத்திரையின் நினைவாகவே.

அந்நாளில் ஒருநாள் சில ஸ்ரீவைஷ்ணவர்கள் மன்னனார் ஸந்நிதிக்கு வந்து, திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான திருவாய்மொழிப் பதிகத்தை இசையோடு விண்ணப்பம் செய்தார்கள். கேட்டு உருகியவர் பலர் இருந்திருப்பர். நாதமுனிகள் உருகியதோடு நில்லாமல், அப்பதிகத்தின் கடைசிப் பாசுரத்தை ஒரு தொழிலறிந்தவரின் செவியோடும் கேட்டார். இங்கே சற்று நிற்கவேண்டும்.

திருவாய்மொழியில் ஏறக்குறைய ஒவ்வொரு பதிகமும் பதினொரு பாசுரம் உடையது. பதினோராவது பாசுரம் பலச்ருதி. அதில் பாடியவர் திருநாமம், அவர் ஊர், மொத்தத் தொகை, அத்தொகையுள் இப்பத்து என்னும் கணக்கு, கற்பார் பெறும் பேறு ஆகியவை அடங்கியிருக்கும். பக்தி மேலீட்டால் பாடியவர் இவ்வளவு கணக்கை ஏன் பாட்டுக்குள்ளே வைக்கவேண்டும்? ஓலை சிதையும், ஏடு மாறும், பெயர் மறையும். பாட்டுக்குள்ளேயே வைத்தது பாட்டுள்ளவரை அழியாது. ஆராவமுதன் பதிகத்தின் பலச்ருதியோ இன்னும் ஒன்றைக் கூடுதலாகச் சொல்கிறது. இந்த ஆயிரமும் குழலோசையினும் இனிமை மிகும்படி சொல்லப்பட்டவை என்பது அதன் கருத்து. ஆக, அந்த ஒரு பாசுரத்திலிருந்து நாதமுனிகளுக்கு மூன்று செய்திகள் கிடைத்தன. பாடியவர் குருகூர்ச் சடகோபர். பாடியது ஆயிரம். அவ்வாயிரமும் இசை. பாடி வந்தவர்களிடமோ இருந்தது பத்துப் பாட்டு மட்டுமே. மற்றவை தங்களுக்குத் தெரியா என்று அவர்கள் கைவிரித்தார்கள்.

ஆயிரத்தில் பத்து எப்படித் தப்பியது என்றும் நினைக்கவேண்டும். அது பாடப்பட்டுக்கொண்டிருந்தது, அதனால் தப்பியது. படித்து மட்டும் வந்த நூலாயிருந்தால் அவ்வழிப்போக்கர்கள் அதைச் சுமந்து வந்திருக்கமாட்டார்கள். நாதமுனிகள் இதை மறந்தவரல்லர் என்பதை அவருடைய பின்னைய செயல்கள் காட்டுகின்றன.

அவர் திருக்குருகூருக்கு எழுந்தருளினார். அங்கே மதுரகவிகளின் வழிவந்த பராங்குசதாஸரைக் கண்டு, கண்ணிநுண்சிறுத்தாம்பு என்னும் பதினொரு பாசுரம் மட்டும் அவர் வசம் இருக்கக் கேட்டறிந்தார். அதைத் திருப்புளியாழ்வார் அடியில் நியமத்தோடு 12,000 உரு அநுஸந்தித்தால் நம்மாழ்வார் ஸாக்ஷாத்கரிப்பார் என்பது பராங்குசதாஸர் பெற்றிருந்த உபதேசம். அப்படியே நாதமுனிகள் அநுஸந்திக்க, ஆழ்வார் ப்ரஸாதித்தருளித் தம்முடைய பிரபந்தங்களோடு மற்றை ஆழ்வார்களுடைய பிரபந்தங்களையும் அவற்றின் பொருளையும் யோக ரஹஸ்யத்தையும் அருளினார் என்பது குருபரம்பரை. குருகூர் யாத்திரையில் நம் பள்ளத்தாக்கின் வழியே அவர் எழுந்தருளியதாக அது சொல்லவில்லை. சொல்லாததைச் சேர்த்து ஊர்ப்பெருமை தேடுவது நமக்குத் தகாது.

இனி நாம் சொல்லவந்த பகுதி. கைக்கு வந்தவை பல காலத்தவை. பல யாப்பில் அமைந்தவை. சில நூறு பாசுரம் உடையவை, சில ஒரே பாட்டாக நின்றவை. இவற்றை எந்த முறையில் அடுக்குவது? எவருக்கும் முதலிற் தோன்றுவது காலமுறை. அப்படியானால் பொய்கையார், பூதத்தார், பேயார் ஆகிய முதலாழ்வார்களின் அந்தாதிகள் தலையில் நிற்கவேண்டும். அடுத்துத் தோன்றுவது ஆசிரியர் முறை. ஓர் ஆழ்வார் அருளியவையெல்லாம் ஓரிடத்தில் இருக்கவேண்டும். நாதமுனிகளின் அடைவில் இவ்விரண்டும் இல்லை. தலையில் நிற்பது பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டு. திருமழிசைப்பிரானின் திருச்சந்தவிருத்தம் முதலாயிரத்தில் இருக்க, அவருடைய நான்முகன் திருவந்தாதி இயற்பாவில் இருக்கிறது. நம்மாழ்வாரின் திருவாய்மொழி தனியே ஓராயிரமாக நிற்க, திருவிருத்தமும் திருவாசிரியமும் பெரிய திருவந்தாதியும் இயற்பாவிற் சேர்ந்தன. திருமங்கைமன்னனின் பெரிய திருமொழியும் தாண்டகங்களும் ஓரிடம். திருவெழுகூற்றிருக்கையும் மடல்களும் வேறிடம்.

இப்பிரிப்பு ஒலியை அளவுகோலாகக் கொண்டது. வெண்பாவுக்குரியது செப்பலோசை. சொல்வது போல நடக்கும் அவ்வோசையைத் தாளத்தில் அடக்கினால் அதன் தளை சிதறும். ஆசிரியப்பாவுக்கும், நெடிதோடும் கலிவெண்பாவாகிய மடலுக்கும் ஏறக்குறைய அதே நிலை. விருத்தமும் கலிப்பாவின் இனங்களும் அப்படியல்ல. அளவொத்த நான்கு அடிகள், ஒவ்வோரடியிலும் ஒத்துவரும் சீர்கள். முதற்பாசுரத்துக்குப் பொருந்திய பண் பதினோராவது வரை பொருந்தும். எனவே பதிகத்துக்கு ஒரு பண், ஒரு தாளம் என்று வகுக்க இடம் ஏற்படுகிறது. பாடத்தக்கவை மூவாயிரத்தளவும் இசைப்பாவாக ஒருபுறமும், ஓதத்தக்கவை இயற்பா என ஒருபுறமுமாக அவர் பிரித்தது இவ்வடிப்படையில்தான் என்பது நாம் கொண்ட கருத்து. நூலை அடுக்கும்போதே அதைப் பாடப்போகிறவருடைய மூச்சை நினைத்து அடுக்கியிருக்கிறார்.

இக்காலத் திரையிசையில் பெரும்பாலும் மெட்டு முந்தும், சொல் பிந்தும். மெட்டின் நெளிவுக்கு ஏற்பக் கவிஞர் சொல்லை மாற்றிக்கொள்வார். அதுவும் ஓர் அரிய திறமையே. நாதமுனிகளுக்கு அந்த வசதி இல்லை. ஓரெழுத்தும் மாற்றலாகாத சொல் முன்னே நிற்கிறது. பண் தான் வளையவேண்டும். தாளத்தின் அடி விழுமிடத்தில் சொல் பிளந்து பொருள் கெடுமாயின் அந்தத் தாளத்தையே விடவேண்டும். தாய்ப்பாசுரமாக ஆழ்வார் இரங்கும் இடத்துக்கும், வீரச்செயலை வியக்கும் இடத்துக்கும் ஒரே பண் ஒவ்வாது. ஆகவே பண் வகுப்பவர் பொருளறிந்தவராயும் இருக்கவேண்டும். பொருளோடு சேர்த்துப் பெற்றவர் என்று குருபரம்பரை சொல்வது இங்கே இன்றியமையாததாகிறது.

சைவர்களுடைய தேவாரமும் இவ்வாறே மறைந்து மீண்டதாக அவர்கள் வரலாறு கூறும். நம்பியாண்டார் நம்பி திருமுறைகளை வகுத்தபின், பண் தெரியாமையால் எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டு பண் அடைவு செய்யப்பட்டது என்பர். அங்கே தொகுத்தவர் ஒருவர், பண் தந்தவர் ஒருவர். நம் ஸம்ப்ரதாயத்தில் இரண்டும் ஒருவரே.

அவருடைய செவியின் நுண்மைக்கு ஒரு வரலாறு உண்டு. சோழனுடைய அவையில் இரு பெண்கள் பாடினார்கள். ஒருத்தி பாடியது உலகவழக்கிலுள்ள இசை. மற்றொருத்தி பாடியது தேவகானம். அரசன் முன்னவளைப் புகழ்ந்து வரிசை அளித்து, பின்னவளைப் பொருட்படுத்தவில்லை. அவள் மனம்வருந்தி, தன் பாட்டின் தரம் அறிவார் வீரநாராயணபுரத்தில் இருக்கிறார் என்று கேள்வியுற்று வந்து மன்னனார் திருமுன்பே பாடினாள். நாதமுனிகள் அதைப் பெரிதும் உகந்து, அதே தேவகானத்தில் பாசுரங்களை அமைத்துப் பாடியருளினார். செய்தி கேட்டு வந்த சோழன், அவ்விசையின் உயர்வை எங்ஙனம் அறிவது என வினவ, பல தாளங்களை ஒருசேரத் தட்டச்செய்து, ஒலியைக் கேட்டமாத்திரத்தில் ஒவ்வொன்றின் நிறையையும் சொல்லிக் காட்டினாராம். கதையில் சோழனுடைய ஊர் கங்கைகொண்ட சோழபுரம் என்று வருகிறது. அந்நகரை எடுத்தவன் பதினோராம் நூற்றாண்டின் ராஜேந்திரனாதலால், பிற்காலத்தார் தமக்குத் தெரிந்த தலைநகரின் பெயரை இட்டு வழங்கினர் என்று கொள்வது பொருந்தும். கதையின் உயிர் ஊர்ப்பெயரில் இல்லை. அவையில் விலைபோகாத இசையை அடையாளம் கண்டு, அதையே தமிழ்மறைக்கு உரியதாக எடுத்துக்கொண்டார் என்பதில் இருக்கிறது.

பண் வகுத்தாயிற்று. யாரிடம் வைப்பது? அக்காலத்தில் இசையை எழுதி வைக்கும் முறை முழுமையாக இல்லை. பண்ணின் பெயரையும் தாளத்தின் பெயரையும் ஏட்டில் எழுதலாம். பாடும் விதத்தை எழுத இயலாது. ஆகவே தம் ஸஹோதரியின் புதல்வர்களான மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் என்னும் இருவரைத் தெரிந்தெடுத்து, நேர்முகமாகப் பாடப் பயிற்றினார். இன்று அரையர் ஸேவை செய்யும் மரபினர் தம் வழியை இவ்விருவரிடமிருந்தே தொடங்குவர். திருவரங்கத்தில் அத்யயன உத்ஸவத்தை அவர் மீண்டும் நிலைநிறுத்தினார். திருமங்கைமன்னன் காலத்தில் திருவாய்மொழிக்கென ஏற்பட்டிருந்த அவ்விழாவுக்கு முன்னே பத்து நாள்கள் கூட்டி, பகற்பத்து இராப்பத்து என அமைத்து, முடிவில் இயற்பாவுக்கும் இடம் தந்தார். நூலுக்கு அடைவு, பாட்டுக்குப் பண், பாடுவதற்கு ஆள், பாடுமிடம், பாடும் நாள் என்று ஒன்றும் விடாமல் அமைத்தவர் அவர்.

பண் போலவே யோகமும் அவர் பெற்ற மற்றொரு நிதி. சிஷ்யர்களுள் குருகைக்காவலப்பன் யோகத்தைப் பெற்றார். உய்யக்கொண்டாரையும் அதற்கு அழைத்தபோது, ஸம்ஸாரிகள் துயரில் கிடக்கத் தாம் மட்டும் ஆனந்தம் தேடுவது ஒவ்வாது என்னும் கருத்துப்பட விண்ணப்பித்து, அருளிச்செயலையும் அதன் பொருளையும் பரப்பும் பணியை ஏற்றார். நாதமுனிகளின் இறுதி நாளைப் பற்றிய வரலாறும் அவர்தம் இயல்பைக் காட்டுவது. வில்லேந்திய இருவர், ஒரு பெண், ஒரு குரங்கு என நால்வர் வந்து போயினர் என்று வீட்டார் சொல்லக் கேட்டு, அவர்கள் சக்ரவர்த்தித் திருமகனும் இளையபெருமாளும் பிராட்டியும் திருவடியுமே என்று கொண்டு, அவர்கள் போன வழியே விரைந்து தேடிச்சென்று, காணாமல் மூர்ச்சித்துப் பரமபதம் எய்தினார்.

அவருடைய இரு நிதிகளும் ஒருமுறை எதிரெதிரே நின்றன. திருப்பேரனார் ஆளவந்தார் யோக ரஹஸ்யத்தைப் பெற வேண்டுமென்று குருகைக்காவலப்பனை அணுக, அவர் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்திருந்தார். இதற்கிடையில் திருவரங்கத்து அத்யயன உத்ஸவத்தில் திருவரங்கப்பெருமாள் அரையர், திருவனந்தபுரத்துக்கு விரைந்து செல்லுமாறு ஆழ்வார் அழைக்கும் பாசுரத்தை, ஆளவந்தார் திருமுகத்தை நோக்கித் திரும்பத் திரும்பப் பாடினார். அதையே நியமனமாகக் கொண்டு ஆளவந்தார் அக்கணமே திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டார். அங்கே சென்றபின் ஓலையை எடுத்துப் பார்க்க, யோகம் உபதேசிப்பதாகக் குறித்த நாள் அன்றைய நாளே. இனித் திரும்பி அடைய வழியில்லை. அத்துடன் நாதமுனிகளின் யோகம் நம் மரபிலிருந்து மறைந்தது. அவர் வகுத்த பாட்டின் வன்மையே அவர் வைத்த யோகத்தை இழக்கச் செய்தது என்று சொன்னால் தவறாகாது. அவர் அருளிச்செய்த ந்யாயதத்வமும் யோகரஹஸ்யமும் இன்று முழுநூலாகக் கிடைக்கவில்லை. பின்னுள்ள ஆசார்யர்கள் எடுத்துக்காட்டியதைக் கொண்டே ந்யாயதத்வத்தை அறிகிறோம்.

இசை மட்டும் குறைவின்றி நின்றதா என்றால், அதுவும் இல்லை. திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களிலும் கருநாடகத்தில் திருநாராயணபுரத்திலும் அரையர் ஸேவை நடைபெறுகிறது. குல்லாய் தரித்து, தாளம் பிடித்துப் பாடி, அபிநயித்து, வ்யாக்யானமும் சொல்லும் அம்மரபு வெகு சில குடும்பங்களின் வசமே உள்ளது. பழைய பதிப்புகள் சிலவற்றில் பதிகத்தின் தலைப்பில் பண்ணும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கும். பெயர் இருக்கிறது; அப்பெயருக்குரிய ஒலியை இன்று பாடிக்காட்டுவார் அரியர். மற்றை ஸந்நிதிகளில், நம் பள்ளத்தாக்கில் உள்ளவை உட்பட, இசைப்பாவையும் இயற்பாவையும் ஏறக்குறைய ஒரே நடையில் கோஷ்டியாக ஓதுகிறோம். சொல் பிழையாமல் காத்தது இந்த ஓதும் முறையே. அதைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனமில்லை. ஆயினும் நாதமுனிகள் பிரித்து வைத்த இரண்டும் நம் செவியில் ஒன்றாகிவிட்டன.

அவ்விடத்தை நிரப்ப அவ்வப்போது முயற்சிகள் எழுந்தன. அரியக்குடி ராமாநுஜய்யங்கார் திருப்பாவை முப்பதுக்கும் ராகம் அமைத்துக் கச்சேரி மேடையில் நிலைபெறச் செய்தார். பண்ணைப்புரத்து இளையராஜா சில பாசுரங்களுக்கு அமைத்த இசை 2024 ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இசைக்கப்பட்டது. இத்தகைய முயற்சிகளைக் கேட்குமுன்னே ஒதுக்குவாரும் உளர், கேட்டமாத்திரத்தில் கொண்டாடுவாரும் உளர். நாதமுனிகளின் வழியை நோக்கினால் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. சொல் சிதைந்ததா? பொருளுக்குப் பண் இசைந்ததா? பாடுகிறவர் பொருளறிந்து பாடுகிறாரா? கற்றுக்கொண்டு நாளை பாட இருவராவது உளரா? கடைசிக் கேள்விக்கு விடை இல்லையென்றால் மற்றவற்றுக்கு நல்ல விடை கிடைத்தும் பயன் சிறிதே.

நாதமுனிகள் பிறர் பாட்டை வகுத்தவர் மட்டுமல்லர், தாமும் பாடியவர். கண்ணிநுண்சிறுத்தாம்புக்கு வடமொழியிலும் தமிழிலுமாக வழங்கும் இரண்டு தனியன்கள் அவர் அருளியவை. திருவாய்மொழியைத் தமிழ்வேதக் கடலாக வணங்கும் வடமொழித் தனியனும் அவருடையதே. அதை அடுத்து வரும் தமிழ்த் தனியன் அவர் திருக்குமாரர் ஈச்வரமுனிகள் அருளியது. அரையர் இல்லாத ஊரிலும், நாலைந்து பேரே கூடும் ஸந்நிதியிலும், மார்கழி இராப்பத்தில் திருவாய்மொழி தொடங்குமுன் இவ்விரண்டும் இவ்வரிசையிலேயே ஓதப்படுகின்றன.